பிறந்த தேதி என்ன? சிலோன் முதல் தர்மபுரி வரை ஒரு குடியுரிமைக் கதை

விசா, க்ரீன் கார்டுன்னு வருஷக்கணக்கா காத்திருக்கிற ஃப்ரெண்ட்ஸ் நம்ம எல்லாருக்கும் இருப்பாங்க. இன்னைக்குப் பேசப் போறது, நம்ம நாட்டுலயே அப்படிக் காத்திருக்கிறவங்களைப் பத்தி.

தர்மபுரி மாவட்டத்துல தும்பலஅள்ளி அணை, நாகாவதி அணை பக்கம் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கு. இப்படிப்பட்ட முகாம்லயே பிறந்து, இங்கேயே படிச்சு வளர்ந்த பலருக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது. ஏன்னு கேட்டா, கொஞ்சம் பின்னாடி போகணும்.

சிலோன் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, மதுரையோட சேலமும் ஒண்ணு. தர்மபுரி 1965 வரைக்கும் சேலத்துக்குள்ளதான் இருந்தது. ரெண்டு பக்கமும் பிரிட்டிஷ் ஆட்சி என்பதால், போனவங்க யாரும் தன்னை வெளிநாட்டுக்காரரா நினைச்சிருக்க மாட்டாங்க.

1948-ல் சிலோன் சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்தது. நீங்க சிலோனில் பிறந்தது மட்டும் போதாது. உங்க அப்பாவும் அங்கே பிறந்தார்னு காட்டணும். இல்லேன்னா தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்தாங்கன்னு காட்டணும். லயத்துல பிறந்தவர் அந்தப் பேப்பருக்கு எங்கே போவார்?

1949-ல் இன்னொரு சட்டம். கல்யாணம் ஆனவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து அங்கே வாழ்ந்ததை நிரூபிக்கணும். சொந்த ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல தங்கிட்டா அந்தத் தொடர்ச்சி போச்சு. சுமார் 8 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

மீதிப் பேர் என்ன ஆனாங்க? 1964 அக்டோபர் 30, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. மனுஷங்களை இப்படி வகுத்துப் பார்த்த கணக்கு முடியறதுக்குள்ள 1983 கலவரம், போர். அகதிகளா இங்கே வந்தவங்களில் மலையகத் தமிழரும் இருந்தாங்க. தாத்தா கிளம்பின மண்ணுக்கே பேரன் அகதியா வந்து சேர்ந்தான்.

இங்கேயும் தேதிதான் தீர்மானிக்குது. இந்தியச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவில் பிறந்திருந்தா நீங்க குடிமகன். அதுக்கு அப்புறம்னா, அப்பா அம்மாவில் ஒருத்தராவது குடிமகனா இருக்கணும். 2003 திருத்தம் இன்னும் இறுக்கியது: ஆவணம் இல்லாம வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', அவர் விண்ணப்பிக்கவே முடியாது. உயிருக்குப் பயந்து படகு ஏறினவர் விசா வாங்கிட்டா வருவார்? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

கதவு கொஞ்சம் திறந்ததும் உண்டு. 2019-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, முகாமில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் பாஸ்போர்ட் தரச் சொன்னது. 2024-ல் அவர் ஓட்டும் போட்டார். 2015 ஜனவரி 9-க்கு முன்னாடி வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-ல் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. இனி ஜெயில் பயம் இல்லை. ஆனா அது குடியுரிமை இல்லை.

அந்தப் பெண்ணே 1987 ஆகஸ்டில், அதே முகாமில் பிறந்திருந்தா? அதே அப்பா அம்மா, அதே பள்ளிக்கூடம். பாஸ்போர்ட் மட்டும் இருந்திருக்காது.