மெக்சிகோ – அமெரிக்க உறவுகள்: வணிகமும் பாதுகாப்பும்

மெக்சிகோவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் நடுவே சுமார் 3,145 கி.மீ. நீளத்துக்கு எல்லை ஓடுகிறது. 2023இல் சீனாவைப் பின்னுக்குத் தள்ளி, அமெரிக்காவுக்கு மிக அதிகமாகச் சரக்கு விற்கும் நாடாக மெக்சிகோ ஆனது. 2024இல் இரு நாடுகளுக்கும் இடையே நடந்த சரக்கு வணிகம் சுமார் 84,000 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 50,500 கோடி டாலர் சரக்கு மெக்சிகோவிலிருந்து வடக்கே போனது. மெக்சிகோவின் மொத்த ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்த ஒரே நாடுதான் வாங்குகிறது. இப்படி ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் நாட்டிடம், அந்த வாடிக்கையாளர் வரியைக் காட்டிப் போதைப்பொருள், குடியேற்றம் போன்ற வேறு காரியங்களைச் சாதித்துக்கொள்வது எப்படி வழக்கமானது என்பதே இந்த உறவின் அண்மைக்கால வரலாறு.

பழைய நினைவுகள் இரண்டு. 1846–48 போரின் முடிவில் எழுதப்பட்ட குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கையால் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதியை இழந்தது; கலிபோர்னியாவும் அதில் போயிற்று. 1938 மார்ச் 18 அன்று அதிபர் லாசரோ கார்தெனாஸ் அந்நிய எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கினார். மெக்சிகோ அரசியலில் இறையாண்மை என்ற சொல் இன்றும் சூடாக இருப்பதற்கு இவ்விரண்டையும் மறக்காமல் இருப்பது முக்கிய காரணம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வயல்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1942இல் தொடங்கிய பிராசெரோ திட்டத்தின்கீழ் மெக்சிகோ விவசாயக் கூலிகள் லட்சக்கணக்கில் வடக்கே சென்றார்கள். 1964இல் அந்தத் திட்டம் முடிந்ததும் எல்லை ஊர்களில் வேலையில்லாதோர் குவிந்தார்கள். அதற்கு மாற்றாக, 1965இல் மெக்சிகோ அரசு எல்லையோரத் தொழில்மயத் திட்டத்தை அறிவித்தது. வரியில்லாமல் பாகங்களை இறக்குமதி செய்து, பூட்டிச் சேர்த்து, திருப்பி ஏற்றுமதி செய்யும் ‘மக்கிலாடோரா’ ஆலைகள் இதிலிருந்துதான் முளைத்தன. சியுதாத் ஹுவாரெஸ், திஹுவானா போன்ற ஊர்களின் முகமே இதனால் மாறியது.

1982 ஆகஸ்டில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று மெக்சிகோ கைவிரித்தது. உள்நாட்டுத் தொழிலை உயர்ந்த வரிச்சுவரால் காத்துவந்த கொள்கை அதோடு சரிந்தது. 1986இல் காட் (GATT) என்ற பன்னாட்டு வணிக உடன்பாட்டில் சேர்ந்த மெக்சிகோ, கார்லோஸ் சாலினாஸ் ஆட்சியில் அமெரிக்கா, கனடாவுடன் நாஃப்டா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அது 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் தென்கோடி மாநிலமான சியாபாஸில் சபாதிஸ்தா கிளர்ச்சியாளர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பெசோவின் மதிப்பு குலைந்தது. 1995இல் பணவீக்கம் 50 விழுக்காட்டைத் தாண்டியது. பொருளாதாரம் 6 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அமெரிக்க அதிபர் கிளின்டன் 2,000 கோடி டாலர் வரை கடன் ஏற்பாடு செய்தார். வாங்கிய கடனை மெக்சிகோ 1997 ஜனவரியிலேயே, தவணைக்கு முன்பாக அடைத்துவிட்டது.

நாஃப்டாவின் கணக்கை ஒரே வரியில் எழுதிவிட முடியாது. 1993இல் 8,100 கோடி டாலராக இருந்த இருதரப்புச் சரக்கு வணிகம் முப்பது ஆண்டுகளில் பத்து மடங்கானது. வடக்கு மாநிலங்களில் கார், மின்னணு, விமானப் பாகத் தொழில்கள் வளர்ந்தன. ஆனால் மானியத்தில் விளைந்த அமெரிக்க மக்காச்சோளம் மலிவாக வந்து குவிந்தபோது, தெற்கில் மழையை நம்பி மக்காச்சோளம் விதைத்த சிறு விவசாயி நிலத்தைவிட்டு வெளியேறினார். மனிதன் மக்காச்சோளத்தை முதன்முதலில் பயிராக்கிய நாடு மெக்சிகோ. அங்கேயே அந்தப் பயிரால் பிழைக்க முடியாமல் போனதை வெறும் ‘சந்தைச் சரிசெய்தல்’ என்று கடந்துபோவது நியாயமாகாது.

இந்த வணிகம் கண்ணால் பார்க்கும்படி நடக்கும் இடம் மெக்சிகோவின் நுவேவோ லரேதோவும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டெக்சஸின் லரேடோவும். மொன்டெர்ரே பக்கமிருந்து சரக்கோடு வரும் மெக்சிகோ லாரி பெரும்பாலும் எல்லையைக் கடப்பதில்லை. எல்லைக்கு இப்பால் ஒரு முற்றத்தில் பெட்டியைக் கழற்றி விடுகிறது. ‘டிரான்ஸ்ஃபர்’ என்று அழைக்கப்படும் குறுந்தூர லாரி அதை இழுத்துக்கொண்டு பாலத்தில் வரிசையில் நிற்கிறது. சுங்க முகவர் தயாரித்த ‘பெதிமெந்தோ’ ஆவணம் சரிபார்க்கப்பட்டு, பெட்டி அக்கரை முற்றத்தில் இறங்கியதும், அமெரிக்க லாரி ஒன்று அதை உள்நாட்டுக்கு எடுத்துச் செல்கிறது. ஒரு பெட்டிக்கு மூன்று லாரி, மூன்று ஓட்டுநர். ஒரு காரின் பாகங்கள் முழு வண்டியாகும் முன் பலமுறை எல்லையைக் கடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் பரிசோதனை ஒரு மணி நேரம் நீண்டாலே, எங்கோ ஓர் ஆலையின் உற்பத்தி வரிசை தடுமாறும்.

அந்தப் பலவீனத்தை வாஷிங்டன் முதலில் பயன்படுத்தியது 1969 செப்டம்பரில். கஞ்சாவைத் தடுப்பதாகச் சொல்லி நிக்சன் அரசு, எல்லையில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சோதித்தது. மூன்று வாரங்களுக்கு எல்லை ஊர்களில் வியாபாரம் படுத்தது. சிக்கிய போதைப்பொருள் சொற்பம். ஆனால் மெக்சிகோ ஒத்துழைக்கச் சம்மதித்தது. 1985இல் அமெரிக்கப் போதைத்தடுப்பு முகவர் என்ரிக்கே கமரேனா குவாதலஹாராவில் கடத்திக் கொல்லப்பட்டபோதும் எல்லை அதே பாணியில் நெரிக்கப்பட்டது.

2006 டிசம்பரில் அதிபர் ஃபெலிப்பே கால்தெரோன் மிச்சோவாகான் மாநிலத்துக்கு இராணுவத்தை அனுப்பினார். அமெரிக்கா மெரிடா திட்டத்தின்கீழ் ஹெலிகாப்டர், பயிற்சி, கருவிகள் என்று உதவியது. 2021இல் இருநூற்றாண்டுச் செயல்திட்டம் அதன் இடத்துக்கு வரும்வரை செலவான தொகை 300 கோடி டாலருக்கு மேல். விளைவோ கொடியது. தலைவர்கள் பிடிபடப் பிடிபடக் கும்பல்கள் உடைந்து பெருகின. காணாமல் போனோரின் அதிகாரபூர்வப் பட்டியல் 2022இல் ஒரு லட்சத்தைக் கடந்தது. பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் தாங்களே மண்வெட்டியும் இரும்புக் கம்பியுமாக வெட்டவெளிகளைத் தோண்டிப் பார்க்கிறார்கள்.

நம்பிக்கையும் உடைந்தது. கால்தெரோனின் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஹெனாரோ கார்சியா லூனா, சினலோவா கும்பலிடம் லஞ்சம் வாங்கியதாக 2023இல் நியூயார்க்கில் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டு 38 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றார். முன்னாள் பாதுகாப்புத் துறை அமைச்சர் ஜெனரல் சால்வதோர் சியென்ஃபுவேகோஸை 2020 அக்டோபரில் அமெரிக்கா கைது செய்தபோது மெக்சிகோ கொதித்தது. வழக்கு கைவிடப்பட்டு அவர் நாடு திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அந்நிய முகவர்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் மெக்சிகோவில் நிறைவேறியது.

போதைப்பொருள் வடக்கே போகிறது என்று உரக்கப் பேசுகிறவர்கள், துப்பாக்கி தெற்கே வருவதைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். மெக்சிகோவில் பொதுமக்கள் சட்டப்படி துப்பாக்கி வாங்க இராணுவம் நடத்தும் இரண்டு கடைகளே உண்டு. ஆனால் குற்ற இடங்களில் சிக்கித் தடம் தேடப்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 70 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து வந்தவை. 2021இல் மெக்சிகோ அரசு அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள்மீது பாஸ்டனில் வழக்குத் தொடுத்தது. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது.

நாஃப்டா தன் எல்லைக்குள் வணிகத்தையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டுமே வைத்திருந்தது. டிரம்பின் முதல் ஆட்சியில் பேசி எழுதப்பட்டு, 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தமும் (மெக்சிகோவில் இதற்கு டி-மெக் என்று பெயர்) அப்படித்தான். 34 அத்தியாயங்களில் போதைப்பொருளுக்கோ குடியேற்றத்துக்கோ ஓர் அத்தியாயம்கூட இல்லை. ஆனால் அது நாடாளுமன்றங்களில் நிறைவேறுவதற்கு முன்பே, 2019 மே இறுதியில், குடியேறிகளைத் தடுக்காவிட்டால் எல்லாச் சரக்குக்கும் 5 விழுக்காடு வரி, அது படிப்படியாக 25 வரை ஏறும் என்று டிரம்ப் மிரட்டினார். ஒரே வாரத்தில் மெக்சிகோ தன் தேசியக் காவல்படையைக் குவாத்தமாலா எல்லைக்கு அனுப்பச் சம்மதித்தது. 1969இல் எல்லை வாயிலில் செய்ததை இம்முறை ஒரு சமூக ஊடகப் பதிவே செய்து முடித்தது.

புதிய ஒப்பந்தத்தில் உழைப்பாளிக்கு உண்மையான பலன் ஒன்று உண்டு. ஆலையில் தொழிற்சங்க உரிமை மறுக்கப்பட்டால் அந்த ஆலைமீதே விரைந்து நடவடிக்கை எடுக்கலாம். குவானஹுவாத்தோ மாநிலத்தின் சிலாவோவிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2021இல் முறைகேடான வாக்கெடுப்பு ரத்தாகி, 2022 பிப்ரவரியில் சுதந்திரமான சங்கம் ஒன்று பெருவெற்றி பெற்றது. மறுபுறம், அதிபர் லோபெஸ் ஒப்ரதோர் நாள் ஒன்றுக்கு 88 பெசோவாக இருந்த குறைந்தபட்சக் கூலியை 2024க்குள் 249 பெசோவாக உயர்த்தினார். கூலி உயர்ந்தால் முதலீடு ஓடிவிடும் என்ற பழைய பயமுறுத்தல் பொய்த்தது. சீனாவைவிட்டு விலகும் நிறுவனங்கள் மொன்டெர்ரேயைச் சுற்றி ஆலைக்கு இடம் தேடின. டெஸ்லா மட்டும் 2023இல் அங்கே அறிவித்த ஆலையை மறு ஆண்டு நிறுத்தி வைத்தது.

2025 பிப்ரவரி 1 அன்று, ஃபென்டனில் போதைப்பொருளையும் குடியேற்றத்தையும் காரணம் காட்டி மெக்சிகோ சரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி விதிக்கும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். பிப்ரவரி 3 அன்று அதிபர் கிளாடியா ஷெயின்பாம் தொலைபேசியில் பேசி, 10,000 காவல்படையினரை வடக்கு எல்லைக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு மாத அவகாசம் பெற்றார். அதே மாதம் ஆறு மெக்சிகோ கும்பல்களை அமெரிக்கா பயங்கரவாத அமைப்புகளாக அறிவித்தது. பிப்ரவரி 27 அன்று மெக்சிகோ 29 கைதிகளை ஒப்படைத்தது. கமரேனா கொலையில் தேடப்பட்ட ரஃபாயேல் காரோ கின்டேரோவும் அவர்களில் ஒருவர். மார்ச் 4 அன்று வரி வந்தது. இரண்டே நாளில், ஒப்பந்த விதிப்படி தயாரான சரக்குக்கு விலக்கும் வந்தது. அதுவரை மூலச்சான்று தயாரிக்க மெனக்கெடாத நிறுவனங்கள் அவசரமாக அதைத் தயாரித்தன. எஃகு, அலுமினியம், கார் வரிகள் தனியே நீடித்தன. ஆகஸ்டில் மேலும் 26 கைதிகள் அனுப்பப்பட்டார்கள். ஒத்துழைப்போம், கீழ்ப்படிய மாட்டோம் என்பது ஷெயின்பாமின் நிலை; அமெரிக்கப் படை மெக்சிகோ மண்ணில் கால்வைப்பதை அவர் திட்டவட்டமாக மறுத்தார். அவருடைய நிதானம் பாராட்டுக்குரியது. பதிலுக்குப் பதில் வரி போட்டிருந்தால் முதலில் அடிபட்டிருப்பது மெக்சிகோ தொழிலாளிதான்.

வணிகம், பாதுகாப்பு என்ற இந்த இரட்டை நெருக்கடி சினலோவா மாநிலத்துக்கு இரு பக்கமும் வலித்தது. 2024 ஜூலையில் சினலோவா கும்பல் தலைவர் இஸ்மாயேல் சம்பாதா அமெரிக்காவில் கைதானபின் மாநிலத் தலைநகர் குலியாக்கானில் கும்பல்களுக்குள் சண்டை மூண்டு கடைவீதிகள் மாலையிலேயே மூடத் தொடங்கின. அதே மாநிலத்துத் தக்காளிதான் குளிர்காலத்தில் நோகாலெஸ் எல்லை வாயில்வழி அமெரிக்கக் கடைகளை நிரப்புகிறது. 1996 முதல் குறைந்தபட்ச விலை உடன்பாட்டால் தள்ளிவைக்கப்பட்டிருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி, 2025 ஜூலை 14 அன்று 17 விழுக்காடாக அதன்மீது விழுந்தது.

அமெரிக்காவின் மனம் குளிர மெக்சிகோ எடுத்ததாகப் பலர் கருதும் ஒரு முடிவு தமிழ்நாட்டையும் தொட்டது. இந்தியா உள்ளிட்ட, வணிக ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் சரக்குக்கு 50 விழுக்காடு வரை வரி விதிக்கும் சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியது. காருக்கான வரி 20இலிருந்து 50 ஆனது. சென்னையை அடுத்த ஆலைகளிலிருந்து கப்பலேறும் ஹூண்டாய், நிஸ்ஸான் கார்களுக்கு மெக்சிகோ முக்கியச் சந்தை.

டி-மெக் ஒப்பந்தத்தின் முதல் கூட்டு மறுஆய்வுக்கு 2026 ஜூலை 1 நாள் குறிக்கப்பட்டது. மூன்று நாடுகளும் சம்மதித்தால் ஒப்பந்தம் 2042 வரை நீளும். ஒரு நாடு மறுத்தாலே ஆண்டுதோறும் மறுஆய்வு நடக்கும். இணக்கம் ஏற்படாவிட்டால் 2036இல் அது காலாவதியாகும்.