பசியும் பள்ளியும்

நம் குத்தாலத்தில் இரயிலேறி மேற்கே சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் கும்பகோணத்தை அடையலாம். சற்றொப்ப நூறு ஆண்டுகளுக்கு முன் அந்நகரின் யானையடிப் பள்ளியில் பயின்ற ஒரு சிறுவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. அறிவில் குறைந்தவன் என்பதாலன்று. வீட்டில் சோறில்லை என்பதால். அவரே பின்னாளில் தமிழக முதலமைச்சராக விளங்கிய எம்.ஜி.இராமச்சந்திரன்.

1917ஆம் ஆண்டு இலங்கையின் கண்டியில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்னை சத்தியபாமா தம் இரு புதல்வர்களுடன் கும்பகோணத்தில் குடியேறினார். பட்டினியால் துவண்ட நாளொன்றில் அண்டை வீட்டுப் பெண்மணி அளித்த கஞ்சியே தங்கள் உயிரைக் காத்தது என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஏழு வயதளவில் அண்ணன் சக்கரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். இவ்வாழ்க்கையைத்தான் 1970 முதல் ஆனந்த விகடனில் 'நான் ஏன் பிறந்தேன்' என்னும் தொடராக எழுதினார்.

பாய்ஸ் கம்பெனிகள் சிறுவர்க்கு உணவும் உறைவிடமும் தந்தன. பாட்டும் வசனமும் பயிற்றின. வாத்தியாரின் கண்டிப்போ கடுமையானது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பெற்ற வேடமும் பறிபோகும். அங்கிருந்து திரைக்கு வந்த அவர், 1936இல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடம் ஏற்றார். 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாக 1947 வரை காத்திருந்தார்.

இளைஞர்களே! இதனைக் கொண்டு, வறுமையே மனிதனை உயர்த்தும் என்று எண்ணிவிடாதீர்கள். அக்கம்பெனிகளில் சேர்ந்த சிறுவர் பலர். பெயர் விளங்கியோர் சிலரே. நம் பாட்டன்மார்க்கோ பண்ணையின் மாட்டுக்கொட்டிலே வாய்த்தது. ஒரு வேளைக் கஞ்சிக்காக மாடு மேய்த்த அவர்கள் தம் வரலாற்றை எழுதவில்லை. எழுதுவதற்கு எழுத்தை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான்.

பசிக்கும் பள்ளிக்குமுள்ள இத்தொடர்பை உணர்ந்தே காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். கும்பகோணத்துச் சிறுவர் முதலமைச்சரானபின் 1982 சூலை 1ஆம் நாள் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. மறு ஆண்டு, நம் பகுதித் திருக்குவளையில் அதன் விரிவாக்கம் தொடங்கப்பெற்றது. வெறும் வயிற்றோடு வந்து காலை வணக்கத்தின்போது மயங்கி விழுந்த பிள்ளைகளை நாம் தூக்கியிருக்கிறோம். ஆதலின் இத்திட்டத்தின் அருமை நமக்குத் தெரியும்.

எனினும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. நம் இனப் பெண் சமைத்தாள் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ணவிடாது தடுத்த பெற்றோரைப் பற்றி இன்றும் நாளிதழ்களில் படிக்கின்றோம். அன்று உயிர் காத்த கஞ்சியை உண்டபோது யாரும் சாதி கேட்டிருப்பரோ?

அரசு சோறு தருகிறது. ஏட்டில் பெயர் நிலைக்கச் செய்வது நம் கடமை. அறுவடைக்கும் நடவுக்கும் எந்தப் பிள்ளையையும் வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லாதீர்கள். நம் தெருவில் ஒரு சிறுவன் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லையெனில், ஏனென்று கேட்க இச்சங்கத்தின் இளைஞர் ஒருவர் அவ்வீட்டு வாயிலில் நிற்க வேண்டும். வெள்ளிவிழாவிற்கு இதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.