உலகியலை மாற்றினோர் யாவர்?

மக்கள் வரலாற்றிற் பெருஞ்செல்வாக்குடையோர் யாவர் என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதொன்று. 1840-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் சொற்பொழிவுகள் நிகழ்த்திய தாமஸ் கார்லைல் என்பார், உலக சரித்திரமாவது பெரியோர் சரித்திரமே என நாட்டினார். 1873-ல் ஹெர்பெர்ட் ஸ்பென்ஸர் அதனை மறுத்து, பெரியோனையும் ஆக்குவது அவன் பிறந்த சமூகமே என்றார்.

1978-ல் அமெரிக்க அறிஞர் மைக்கேல் ஹார்ட் என்பார் நூற்றுவரைத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். அதன்கண் முகம்மது நபி முதலிடத்தும், நியூட்டன் இரண்டாமிடத்தும், இயேசுநாதர் மூன்றாமிடத்தும், புத்தர் நான்காமிடத்தும் வைக்கப்பட்டனர். சமயநெறி, உலகியல் என்னும் இரண்டினும் ஒருங்கே வெற்றி பெற்றமையே முதலிடத்திற்கு ஏதுவாகக் கூறப்பட்டது. நற்பண்பு வேறு, செல்வாக்கு வேறு என்று அவர் வரையறுத்தமையால், ஹிட்லரும் ஸ்டாலினும் அவ்வரிசையிற் புகுந்தனர். அவ்வரையறை பொருந்துவதே, மருந்தேயன்றி நஞ்சும் உடலிற் பரவும் வன்மையுடையதாகலின்.

இனி, ஒரு காரியத்திற்கு இவரே காரணர் என்று துணிதற்குமுன், காரணத்தின் இயல்பு தெளிதல் வேண்டும். காரணம் முதல், துணை, நிமித்தம் என மூவகைப்படும். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் திரிகையும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். மேற்கூறிய வரிசையிற் பெயர் பெற்றோர் பெரும்பாலும் குயவனை ஒத்தோரே. மண்ணும் திரிகையும் ஆண்டு எண்ணப்பட்டில.

நியூட்டனையே எடுத்துக்கொள்க. கெப்ளர் கண்ட கோள்நெறிகளும் கலிலியோ கண்ட இயக்கநெறிகளும் அவர்க்கு மண்ணாயின. 1684-ல் எட்மண்ட் ஹாலி கேம்பிரிட்ஜ் சென்று வினவியதனாலேயே அவர் தம் ஆராய்ச்சியை நூலாக்க முற்பட்டார். 1687-ல் அந்நூல் அச்சேறிய செலவையும் ஹாலியே ஏற்றார். ஹாலி துணைக்காரணராதல் வெளிப்படை.

ஹார்ட் ஏழாமிடம் கொடுத்தது காகிதம் செய்த சீனராகிய சாய் லுன் என்பார்க்கு. கி.பி. 105-ல் அவர் மரப்பட்டை, சணல், கந்தைத்துணி, பழைய மீன்வலை இவற்றாற் காகிதம் செய்து அரசர்க்கு அளித்தார் என்பது சீன வரலாறு. ஆயின், 1986-ல் கன்சு மாகாணத்திற் கிடைத்த, கோடுகள் வரையப்பட்ட காகிதத் துண்டொன்று கி.மு. 2-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படுகின்றது. ஆகவே, அவர்க்கு முன்னரும் பெயரறியாத் தொழிலாளர் பலர் அத்தொழிலில் முயன்றனர் என்பது பெறப்படும்.

அற்றேல், காரணர் பலராயவழி ஒருவரைச் சிறப்பித்தல் தகாதுபோலும் எனின், அற்றன்று. மண்ணும் திரிகையும் உளவாயினும் குயவனின்றிக் குடம் தோன்றாது. சாய் லுன் தொழிலைத் திருத்தி அரசவையில் நிலைநிறுத்தியிராவிடின் காகிதம் அத்துணை விரைவிற் பரவியிராது. அவர்க்குரிய சிறப்பு அவர்க்கே உரியது. அதனால் ஏனையோர் கடன் தீர்ந்துவிடாது என்பதே ஈண்டுக் கருத்து.

புகழும் செல்வாக்கும் ஒன்றெனக் கொள்ளுதலும் பிழையாம். ஹார்ட் எண்ணிய நூற்றுவருள் அசோகரும் ஒருவர். அவர்தம் கல்வெட்டுக்களைப் படிக்கவல்லார் இந்தியாவிற் பல நூற்றாண்டு இலராயினர். 1837-ல் ஜேம்ஸ் பிரின்ஸெப் அவ்வெழுத்தைப் படித்தபோது பியதசி என்னும் பெயரே காணப்பட்டது. அவ்வரசர் அசோகரே என்று துணிய உதவியவை இலங்கைப் பாலி நூல்கள். அவர் பெயர் தம் நாட்டில் மங்கியிருந்த காலத்தும், அவர் பரப்பிய நெறி பிறநாடுகளில் வாழ்ந்தது. அந்நூல்களை ஏட்டிற் பெயர்த்தெழுதிக் காத்த துறவியர் பலர்தம் பெயரோ இன்று எவர்க்கும் தெரியாது.

நூற்றுவருள் மகளிர் இருவரே; இஸபெல்லா, முதலாம் எலிஸபெத் என்னும் அரசியர். உலகில் ஏறக்குறையப் பாதியராகிய மகளிர் வரலாற்றை இயக்கிலர் என்று இதனாற் கொள்ளுதல் அடாது. அரியணை ஏறினார் பெயரை எழுதிவைத்த உலகம், பயிற்றினார் பெயரையும் வளர்த்தார் பெயரையும் எழுதிவைத்திலது என்பதே இதனாற் பெறப்படுவது.

ஆகலின், முதல்வர் இவர், இரண்டாமவர் இவர் என வாதிட்டு அமைதலினும், ஒவ்வொரு பெயரையும் எடுத்து, இவர்க்கு மண்ணாயினார் யார், திரிகையாயினார் யார் என்று வினவுதலே கற்றார்க்கு அழகு. அங்ஙனம் வினவாதார், குடத்து நீரைப் பருகிக் குயவனை வாழ்த்தி, மண் சுமந்தாரை மறந்தவராவர்.