பா-ஓ மக்கள்

பா-ஓ மக்கள் என்போர், இன்று மியன்மா என வழங்கும் பர்மா தேசத்தில், ஷான் பீடபூமியின் தென்பகுதியில் பெருந்தொகையினராகவும், தாத்தோன் நகரைச் சூழ்ந்த மோன் மாநிலத்துச் சமவெளியிலும் காரென், காயா மாநிலங்களிலும் தாய்லாந்தின் வடமேற்கு எல்லைப்புறத்திலும் சிறு சிறு தொகுதிகளாகவும் வாழ்கின்ற ஓர் இனத்தார். ஷான் மாநிலத்தில் ஷான் இனத்தாருக்கு அடுத்தபடியாக மிகுந்த ஜனத்தொகை உடையவர்கள் இவர்களே என்பது பொதுவான கணிப்பு. தேரவாத பௌத்தம் இவர்களுடைய சமயம். மலைச்சரிவில் செய்யும் விவசாயம் இவர்களுடைய ஜீவனம். தங்களுடைய முன்னோர் ஆண்ட பேரரசு இது என்று கல்வெட்டைக் காட்டிச் சொல்ல இயலாத இவர்கள், இழந்துவிட்டதாகத் தாங்கள் நம்பும் ஓர் இராஜதானியின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி, அதனை உடையிலும் திருவிழாவிலும் பிற்காலத்து அரசியலிலும் நிலைநாட்டி வந்திருப்பது இவ்வினத்தின் சரித்திரத்துக்கே உரிய சிறப்பாகும்.

பெயரும் மொழியும்

பர்மியர் இவர்களைத் தௌங்தூ, அதாவது மலைக் குடியானவர், என்று அழைத்தனர். ஆங்கிலேயர் காலத்து அரசாங்கப் பதிவுகளும் அப்பெயரையே மேற்கொண்டன. தாய்லாந்தில் இப்பெயர் தோங்சூ எனத் திரிந்து வழங்குகிறது. பா-ஓ என்பது இவர்கள் தங்களுக்கே இட்டு வழங்கும் பெயர்.

இவர்களுடைய பாஷை திபெத்திய-பர்மியப் பெருங்குடும்பத்தின் காரெனியக் கிளையைச் சார்ந்தது. அப்பெருங்குடும்பத்தின் மற்ற மொழிகளுள் பெரும்பாலானவற்றில், தமிழிற்போலவே, வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்க, காரெனிய மொழிகளிலோ அது எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் இடையே வந்து நிற்கும். மேலும், பிற காரெனிய மொழிகள் பலவும் இழந்துவிட்ட ககர, தகர, பகர ஈறுகளைப் பா-ஓ மொழி இன்னும் பேணி வருவதால், காரெனியத்தின் தொன்மையான உருவத்தை ஆராயும் மொழிநூலார் இதனை மிகவும் மதிக்கின்றனர். பர்மிய எழுத்தைத் தழுவிய லிபியிலேயே இது எழுதப்படுகிறது. பௌத்த மடங்களே நெடுங்காலம் இவர்களுக்குப் பள்ளிக்கூடங்களாக விளங்கின.

தோற்றத்தைப் பற்றிய ஐதிகம்

மந்திர சித்திகள் கைவரப்பெற்ற ஒரு வித்தியாதரனுக்கும், பெண்ணுருக்கொண்டு வந்த ஒரு நாககன்னிகைக்கும் ஏற்பட்ட உறவில் தங்கள் குலம் உதித்தது என்று பா-ஓ மக்கள் கூறுவர். இக்கதை கிழவர்கள் சொல்லக் குழந்தைகள் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், அவர்களுடைய உடையிலும் இடம் பெற்றிருக்கிறது. பெண்கள் தலையில் சுற்றி முடிச்சிடும் பல நிறத் தலைப்பாகை நாகத்தின் சிரத்தையும், அடுக்கடுக்காக அணியும் மற்ற ஆடைகள் அதன் உடலையும் குறிப்பன என்பர்; ஆடவர் சுற்றும் தலைப்பாகையோ வித்தியாதரனை நினைவூட்டுவது. நாகர்களை ஆதி முன்னோராகக் கொள்ளும் மரபு தென்கிழக்கு ஆசியாவில் வேறு பல ஜனங்களிடத்தும் காணப்படுவதேயாயினும், அம்மரபை அன்றாட உடையாகவே ஆக்கிக்கொண்டவர் சிலரே.

தாத்தோன்

பா-ஓ மக்களின் சரித்திர நினைவு முழுவதும் தாத்தோன் என்னும் ஒரு நகரைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அசோகச் சக்கரவர்த்தியின் காலத்தில் சோணர், உத்தரர் என்னும் இரு தேரர்கள் சுவர்ணபூமிக்குச் சென்று பௌத்த தருமத்தைப் பரப்பினர் என்று இலங்கையின் மகாவம்சம் கூறுகிறது. பெகு நகரில் தம்மசேதி அரசன் 1476-ஆம் ஆண்டளவில் பொறிப்பித்த கல்யாணிச் சாசனங்கள் அந்தச் சுவர்ணபூமியைக் கீழைப் பர்மாவின் மோன் தேசத்தோடு ஒன்றெனக் கொண்டன. மோன் மக்கள் தாத்தோனைத் தங்கள் முன்னோரின் தலைநகரம் என்று உரிமை பாராட்ட, பா-ஓ மக்களும் அங்கே சூரியசந்திரன் என்னும் தங்கள் அரசன் ஆண்டான் என்று சொல்லி வருகின்றனர்.

பகான் நகரத்தரசனாகிய அநோரதா, திரிபிடக ஏடுகளைத் தரும்படி தாத்தோன் வேந்தன் மனுஹனிடம் கேட்டு, அவன் மறுத்ததனால் சினந்து, 1057-இல் படையெடுத்து நகரை அழித்து, அரசனையும் ஏடுகளையும் பிக்ஷுக்களையும் சிறைகொண்டு சென்றான் என்று பர்மிய இராஜவம்சக் கதைகள் கூறும். அந்தப் பெருந்துன்பத்திலிருந்து தப்பியோடிய மக்களே வடக்கு நோக்கிச் சென்று ஷான் மலைகளில் குடியேறினர் என்பதும், தோல்வியுற்றவர் என்பதன் அடையாளமாகக் கருநிறத்தை ஒட்டிய அவுரிச்சாய ஆடையை உடுத்தும்படி வென்றவன் விதித்தான் என்பதும் பா-ஓ மரபு.

இந்தப் படையெடுப்பு உண்மையாகவே நிகழ்ந்ததா என்பதைப் பற்றி இக்காலத்து அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. மைக்கேல் ஔங்-த்வின் என்னும் பர்மியச் சரித்திராசிரியர் 2005-இல் வெளியிட்ட நூலில், தாத்தோன் வெற்றிக்குச் சமகாலத்துச் சான்று யாதும் இல்லையென்றும், அக்கதை பிற்காலத்தில் புனைந்து சேர்க்கப்பட்டதென்றும் வாதித்தார். அதனை மறுப்பவர்களும் உளர். வாதத்தின் முடிவு எதுவாயினும், பா-ஓ மக்கள் தாத்தோன் பகுதியில் இன்றளவும் வாழ்ந்து வருவதும், ஷான் மலைகளில் அவர்கள் ஆண்ட சமஸ்தானம் தாத்தோனை எதிரொலிக்கும் ஸாத்துங் என்னும் பெயரைத் தாங்கியதும், சமவெளிக்கும் மலைக்கும் இடையே ஒரு பழைய தொடர்பு இருந்ததைக் காட்டுவன.

மலைநாட்டுச் சமஸ்தானங்கள்

ஷான் மலைநாடு பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. பெரிய சமஸ்தானங்களை ஆண்டவர் சௌபுவாக்கள் எனப்பட்டனர். மேற்குப் புறத்தில் மியேலாத் என்ற பிரதேசத்தில் வெள்ளிப்பணத்தால் வரி செலுத்தும் கடமை பூண்ட சிறு தலைவர்கள் ஆண்டனர். இவர்களுட் பலர் ஷான் இனத்தவராயிருக்க, ஸாத்துங் சமஸ்தானத்தின் சௌபுவா மட்டும் பா-ஓ குலத்தவராயிருந்தார். மற்ற இடங்களிற் பா-ஓ மக்கள் பிற இனத்துத் தலைவர்களுக்கு வரி செலுத்தும் குடியானவர்களாகவே வாழ்ந்தனர்.

மேலைப் பர்மாவை 1885-ஆம் ஆண்டிறுதியில் கைப்பற்றிய ஆங்கிலேயர், ஷான் நாட்டு நிர்வாகத்தின் தலைமை நிலையத்தை 1894-இல் இன்லே ஏரிக்கரையிலிருந்து தௌங்ஜி மேட்டுக்கு மாற்றியபோது, அங்கே இருந்தது ஒரு சில குடிசைகளைக் கொண்ட பா-ஓ சிற்றூர்தான். அதுவே இன்று மாநிலத்தின் தலைநகரமாக வளர்ந்திருக்கிறது. அதே நூற்றாண்டில் பா-ஓ வணிகர் சிலர் சயாம் தேசத்துக்குள்ளும் தொலைதூரம் சென்றனர். மே ஹோங் சோன் நகருக்கு மேலேயுள்ள தோய் கோங் மூ குன்றின் முதல் ஸ்தூபி 1860-இல் எழுப்பப்பட்டது. அதைக் கட்டுவித்தவருடைய பெயரிலேயே தோங்சூ என்னும் இனப்பெயர் அமைந்திருக்கிறது. சியாங் மாய் நகரிலுள்ள நோங் கம் ஆலயமும் பா-ஓ மக்களின் கோயிலாகவே இன்றும் அறியப்படுகிறது.

உடை

பெண்ணின் உடை நீண்ட உள்ளங்கி, அதன்மேல் குட்டைச் சட்டை, இடையிற் கைலி, காலுறை, தலைப்பாகை ஆகியவற்றை உடையது. ஆடவர் தொளதொளத்த காற்சட்டையும் சட்டையும் தலைப்பாகையும் அணிவர். தோளில் நெய்த பை ஒன்று தொங்கும். முற்காலத்தில் பருத்தியை வீட்டிலேயே நெய்து அவுரியில் தோய்த்தனர். இக்காலத்தில் ஆலைத்துணியே பெரும்பாலும் கிடைக்கிறது. உடல் முழுவதும் ஒரே கருமையாயிருக்க, தலைப்பாகை மட்டும் செம்மஞ்சளும் சிவப்பும் பச்சையும் கலந்த கட்டங்களோடு விளங்கும். சந்தையில் விற்கும் பூந்துவாலையையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொள்ளும் வழக்கம் இப்போது மிகவும் பரவிவிட்டது. தோல்வியின் அடையாளமாகச் சுமத்தப்பட்டதாகச் சொல்லும் இந்தக் கருமையைப் பிற்காலத்தார் களையாமல், தங்கள் இனத்தின் பெருமைக்குரிய சின்னமாகவே கொண்டாடி வருகின்றனர்.

விவசாயமும் அன்றாட வாழ்க்கையும்

பா-ஓ கிராமங்கள் பெரும்பாலும் செம்மண் மேடுகளிலும் மலைச்சரிவுகளிலும் அமைந்தவை. மரத்தாலும் மூங்கிலாலும் கால்நட்டு உயர்த்திக் கட்டிய வீட்டின் மேல்தளத்தில் குடும்பத்தார் வசிக்க, கீழே மாடுகளும் கருவிகளும் விறகும் இடம்பெறும். மானாவாரி நெல், உருளைக்கிழங்கு, பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகாய், நிலக்கடலை, கடுகுக்கீரை, தேயிலை முதலியன இவர்கள் பயிரிடுவன. எனினும் இவர்களுக்கே தனிப் பெயர் தேடித்தந்தது தனப்பெட் என்னும் இலை. அது நறுவிலி இனத்து மரம் ஒன்றின் இலை. பர்மியச் சுருட்டுக்கு மேலுறையாவது அதுவே. மரத்தை உயர வளரவிடாமல் வெட்டிப் படர்த்தி, இலைகளைப் பறித்து வந்து, அடுப்பின் சூட்டில் வாட்டி அழுத்தி உலர்த்திக் கட்டுக்கட்டாக அடுக்கி, சுருட்டுப் பட்டறைகளுக்கு அனுப்புவர். பறிப்பதிலும் உலர்த்துவதிலும் வீட்டுப் பெண்களுக்கும் முதியோருக்கும் கை ஓய்வதில்லை.

உணவில் அரிசிச் சோற்றோடு கீரையும் புளிக்கவைத்த கடுகிலையும் முதன்மையானவை. மீனும் உப்புக்கருவாடும் எளிதிற் கிட்டாத மலைப்பகுதியில், சோயா மொச்சையை வேகவைத்துப் புளிக்கச் செய்து, தட்டையாகத் தட்டிக் காயவைத்த வில்லைகளே குழம்புக்குச் சுவையூட்டுகின்றன. அவற்றைச் சுட்டும் தின்பர். விருந்தினர் வந்தால் முதலில் வைப்பது சர்க்கரையும் பாலும் சேராத தேநீர்.

இன்லே ஏரியைச் சுற்றிலும் கலோ, ஔங்பான், ஹேஹோ முதலிய ஊர்களிலும் ஐந்து நாளுக்கு ஒருமுறை மாறிமாறிக் கூடும் சந்தை, பா-ஓ குடும்பத்தின் வாரக்கணக்கையே நிர்ணயிக்கிறது. ஏழு நாள் வாரத்தைச் சாராத இந்தச் சுழற்சியில், ஏரியில் மீன்பிடித்தும் மிதவைத்தோட்டத்தில் தக்காளி பயிரிட்டும் வாழும் இந்தா மக்களும், மலையிலிருந்து மூங்கிற்கூடையை நெற்றிப்பட்டையால் தாங்கி இறங்கிவரும் பா-ஓ மக்களும், தனு, ஷான் இனத்தாரும் ஒரே களத்திற் சந்தித்துப் பண்டம் மாற்றிக்கொள்கின்றனர். பெண் பார்ப்பதும், கடன் பேசுவதும், ஊர்ச்செய்தி அறிவதும் அங்கேதான். ஆடவர் பெயருக்கு முன் குன் என்றும் மகளிர் பெயருக்கு முன் நாங் என்றும் மரியாதைச்சொல் சேர்த்து வழங்குவர்.

சமயமும் திருவிழாக்களும்

ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் சிறுவயதில் ஒருமுறையேனும் தலைமழித்துச் சீவரம் உடுத்தி மடத்திற் சேர்ந்து வாழவேண்டும் என்பது குடும்பத்தின் பெருங்கடமை. பௌத்தத்தோடு, ஊரையும் வயலையும் காக்கும் நாட் என்னும் தேவதைகளின் வழிபாடும் இசைந்து நிற்கிறது. மழைக்காலம் தொடங்குமுன், வைகாசியை ஒட்டி, வெடிமருந்து அடைத்த மூங்கிற்குழாயை நீண்ட கழியோடு பிணைத்து வானத்திற் செலுத்தும் ராக்கெட்டுத் திருவிழா நடைபெறும். மழையை வேண்டிச் செய்யும் இச்சடங்கில், யாருடைய ராக்கெட்டு உயரச் செல்லும் என்று ஊரோடு ஊர் போட்டியிடும்.

தௌங்ஜிக்குத் தெற்கே ஏறத்தாழ 33 மைல் தொலைவில் உள்ள கக்கு, இவர்களுடைய முதன்மையான புண்ணியஸ்தலம். அங்கே ஒரு பெரிய ஸ்தூபியைச் சூழ்ந்து 2,400-க்கு மேற்பட்ட சிறு ஸ்தூபிகள் வரிசை வரிசையாக நெருங்கி நிற்கின்றன. ஐதிகம் அசோகனையும் பகான் அரசன் அலௌங்சித்துவையும் இத்தலத்தோடு தொடர்புபடுத்தினாலும், இன்று காணும் ஸ்தூபிகளிற் பெரும்பாலானவை 17, 18-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. தபௌங் மாதத்துப் பௌர்ணமியில், மார்ச்சு மாதத்தை ஒட்டி, சுற்றுவட்டாரத்துப் பா-ஓ மக்கள் அலங்கரித்த மாட்டுவண்டிகளில் காணிக்கையோடு வந்து கூடுவர். அந்தப் பௌர்ணமியே சூரியசந்திரன் பிறந்த நாள் எனக் கருதப்பட்டு, பா-ஓ தேசிய தினமாகவும் கொண்டாடப்படுகிறது. வெளிநாட்டார் கக்குவைக் காண 2000-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தபோது, பா-ஓ வழிகாட்டியோடுதான் செல்லவேண்டும் என்ற ஏற்பாடும் உடன் வந்தது.

விடுதலைக்குப் பின்

மலைநாட்டார் சுதந்திர பர்மாவோடு இணைய இசைந்து 1947 பிப்ரவரி 12-இல் கையெழுத்தான பாங்லோங் உடன்படிக்கையில் ஷான் நாட்டின் சார்பாகப் பேசியவர்களுள் சௌபுவாக்களே முதன்மை பெற்றனர். அவர்களுக்கு வரி செலுத்திய பா-ஓ குடியானவருக்கு அதில் தனிக்குரல் இல்லை. பர்மா 1948-இல் சுதந்திரம் பெற்று, அடுத்த ஆண்டிற் காரென் கிளர்ச்சி மூண்டபோது, பா-ஓ மக்களும் ஆயுதம் ஏந்தினர். அவர்களுடைய சினம் ரங்கூன் அரசாங்கத்தின்மீது மட்டுமன்றிச் சௌபுவாக்களின் வரிவிதிப்பின்மீதும் பாய்ந்தது. தாத்தோனைச் சார்ந்த ஹ்லா பே இவ்வியக்கத்தின் தலைவர்களுட் சிறந்தவர். 1958-இல் கிளர்ச்சியாளர் ஆயுதங்களை ஒப்படைத்தனர். மறு ஆண்டு சௌபுவாக்களும் தங்கள் பரம்பரை அதிகாரத்தைத் துறந்தனர். ஆயினும் 1962-இல் நே வின் இராணுவ ஆட்சியை நிறுவிய பின்னர் போர் மீண்டும் தொடங்கியது. 1970-களில் இயக்கம் இடதுசாரிகளைக் கொண்ட செம்பிரிவென்றும், அதனை எதிர்த்த வெண்பிரிவென்றும் இரண்டாகப் பிளந்தது. வெண்பிரிவின் வழிவந்த பா-ஓ தேசிய அமைப்பு 1991-இலும், செம்பிரிவு 1994-இலும் இராணுவ அரசோடு போர்நிறுத்தம் செய்துகொண்டன.

2008-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தின்படி ஹோபோங், ஸிஸெங், பின்லௌங் ஆகிய மூன்று வட்டங்களை உள்ளடக்கிய பா-ஓ சுயநிர்வாகப் பகுதி அமைந்து, 2010-இல் பெயர் பெற்றது. பழைய ஸாத்துங் சமஸ்தானத்தின் நிலமும் இதற்குள் அடங்கும்.

இக்கால நிலை

சுயநிர்வாகம் என்னும் பெயர் கிடைத்த பின்னும், நிலத்தின்மேல் யாருக்கு உரிமை என்ற வினா தீர்ந்தபாடில்லை. பின்லௌங் வட்டத்துத் திஜித்தில், நிலக்கரிச் சுரங்கத்தை அடுத்து 120 மெகாவாட்டு அனல்மின் நிலையம் 2005-இல் இயங்கத் தொடங்கியது. புகையையும் நீர்க்கேட்டையும் நிலஇழப்பையும் குறித்து அவ்வூர்ப் பா-ஓ இளைஞர்கள் வெளிப்படையாகவே முறையிட்டு வந்தனர். 2021 பிப்ரவரியில் இராணுவம் மறுபடி ஆட்சியைக் கைப்பற்றிய பின், பா-ஓ தேசிய அமைப்பைச் சார்ந்த படையினர் இராணுவத்தின் பக்கம் நிற்க, செம்பிரிவின் வழிவந்த விடுதலை அமைப்பில் ஒரு பகுதியார் அதனை எதிர்த்தனர். 2024 ஜனவரியில் ஸிஸெங்கில் மூண்ட போரினால் கிராமத்தார் திரளாக வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தனர்.

சூரியசந்திரனின் பிறந்த நாளை இரு திறத்தாரும் ஒன்றுபோலவே கொண்டாடுகின்றனர். அந்த நினைவைப் பற்றி அவர்களுக்குள் பிணக்கு இல்லை. அவர்களைப் பிரித்து நிறுத்துவது, உழுபவன் யாருக்கு வரியும் ஆளும் கொடுக்கவேண்டும் என்று 1949-இல் சௌபுவாக்களின் முன் அவர்கள் பாட்டனார் எழுப்பிய கேள்வியே. இன்று அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் பா-ஓ தலைவர்களாகவே இருக்கிறார்கள் என்பதொன்றே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேற்றுமை.