பைபோலார் மனச்சோர்வில் தூக்கமின்மை: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

பைபோலார் எனும் இருமுனை மனநோயில் மனம் சில காலம் சோர்ந்து கிடக்கும்; வேறு சில காலம் அளவு மீறிப் பொங்கும். சோர்வுக் காலத்தில் பலருக்குத் தூக்கம் வராது. இதை ஈமானின் பலவீனம் என்று சொல்லி நாம் காலம் கடத்தக் கூடாது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு கூறியவர்கள் நபி (ஸல்) அவர்கள். துஆவும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும்.

எந்தத் தூக்கமின்மை?

தூங்காமல் களைத்து வாடுவது சோர்வின் அடையாளம். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பின்றி, பேச்சும் செலவும் பெருகினால் அது மேனியாவின் தொடக்கமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்து

மெடிக்கல் கடையில் நாமாகத் தூக்க மாத்திரை வாங்கக் கூடாது. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பும். ஆகவே மனநிலையை நிலைப்படுத்தும் மருந்தே அடிப்படை. குயட்டியாபின் என்ற மருந்து சோர்வையும் குறைக்கும், தூக்கத்தையும் தரும். லித்தியம் எடுப்பவர்கள் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

வீட்டில்

தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழுவது முக்கியம். அஸருக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபியவர்கள் வெறுத்தார்கள். செல்போனுக்கும் அதுவே பொருந்தும். தாம்பரம் மெப்ஸிலும் ஓ.எம்.ஆர். நிறுவனங்களிலும் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், பகல் ஷிஃப்ட் கேட்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

ரமளானில்

தராவீஹ், ஸஹர் என்று இரவு துண்டுபடுகிறது. தூக்கம் கெடுவதே மேனியாவைத் தூண்டலாம். உடலில் நீர் குறைந்தால் லித்தியம் இரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்; மாத்திரையை நாமாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அல்பகராவின் 184, 185-ஆம் வசனங்களில் உள்ளது. அதை ஏற்பது குறையல்ல.

எங்கே செல்வது?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

தூங்காத இரவுகளில் "இனி வாழ வேண்டாம்" என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓர் உயிரைக் காப்பது நம் கடமை.