மெக்கின்டாஷ்: ஒரு குடிப்பெயரின் பயணம்

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘மாக் அன் தோஷிக்’ என்றால் தலைவனின் மகன். இன்வர்னஸ் பக்கத்து மலைநாட்டுக் குடி ஒன்றின் பெயர் அது. ‘மாக்’ நம் ‘மகன்’ போல ஒலித்தாலும் இரண்டுக்கும் வேர் வேறு. ஆங்கிலத்தில் அது மெக்கின்டாஷ் ஆனது. எழுத்துக்கூட்டலோ வீட்டுக்கு வீடு மாறியது.

இப்பெயர் ஒரு பொருளுக்கு ஆனது கிளாஸ்கோவின் சார்லஸ் மெக்கின்டாஷால் (1766–1843). சாயத் தொழிலுக்கு அம்மோனியா வேண்டி, எரிவாயு ஆலையின் கழிவுத் தாரை வாங்கினார். அதில் மிஞ்சிய நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். நீர் புகாத அந்தத் துணியில் தைத்த மழைக்கோட்டுக்கு அவர் பெயரே நிலைத்தது. 1823இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் நாப்தாவில் ரப்பர் கரையும் என்று 1818லேயே கண்டவர் எடின்பரோ மருத்துவ மாணவர் ஜேம்ஸ் சைம். பின்னாளில் பேர்பெற்ற அறுவை மருத்துவரான அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. கோட்டின் கதையில் அவரை விட்டுவிடுவது நியாயமாகாது.

முதல் கோட்டுகள் குளிரில் விறைத்தன, வெயிலில் பிசுபிசுத்தன, நாற்றமும் அடித்தன. தையற்காரரின் ஊசித் துளை வழியே நீர் இறங்கியது. 1840களில் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே கோட்டு உருப்பட்டது. அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. சார்லஸ் எழுதாத ‘கே’ ஒன்றும் நடுவில் ஏறிக்கொண்டது. நம் மருத்துவமனைகளில் நோயாளியின் படுக்கைமேல் போடும் ரப்பர் விரிப்பைச் செவிலியர்கள் இன்றும் மெக்கின்டாஷ் என்றே சொல்கிறார்கள்.

கிளாஸ்கோ கலைப்பள்ளியை வடிவமைத்த சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ் பிறந்தபோது அவர் பெயரிலும் அந்தக் ‘கே’ இல்லை, 1890களில் சேர்ந்தது.

கனடாவின் ஒன்டாரியோவில் 1811இல் நிலம் திருத்திய ஜான் மெக்கின்டாஷ், புதரில் சில ஆப்பிள் கன்றுகளைக் கண்டு காப்பாற்றினார். அவற்றில் தழைத்த ஒரே மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பரவியதுதான் இன்றைய மெக்கின்டாஷ் ஆப்பிள் முழுவதும். அந்தப் பழத்தை விரும்பிய ஆப்பிள் நிறுவன ஊழியர் ஜெஃப் ராஸ்கின், தம் நிறுவனத்தின் கணினிக்கு அதன் பெயரை வைத்தார். அதே பெயரில் ஒலிக்கருவி நிறுவனம் ஒன்று இருந்ததால் ‘ஏ’ எழுத்தைச் சேர்த்தார். கோட்டுக்காரர் சார்லஸ் தம் பெயரை எழுதியதும் அப்படித்தான். காதுக்கு வேறுபாடு தெரியாத அந்த எழுத்து போதவில்லை. 1984இல் கணினி கடைக்கு வரும் முன், பெயருக்கான உரிமத்தை அந்நிறுவனத்திடம் ஆப்பிள் பெற வேண்டியிருந்தது.