பட்டியலில் பெயர் எழுதும் கை: நாகலாபுரமும் முதியோர் ஓய்வூதியத்தின் வரலாறும்

ஊத்துக்கோட்டையிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில் மாநில எல்லையைக் கடந்ததும் சுருட்டப்பள்ளி; அதற்கப்பால் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் பெயரால் அமைத்த ஊர் என்றும், வேதநாராயணர் கோயில் உள்ள ஊர் என்றும் வரலாற்று மாணவர் அறிவர். இன்று இப்பகுதியைப் பார்க்கும் சமூக ஆய்வாளருக்கு வேறொரு காட்சி புலப்படும். எல்லையின் தென்புறம் உள்ள மூதாட்டிக்குத் தமிழ்நாட்டரசு மாதம் 1,200 ரூபாய் வழங்குகிறது. வடபுறம் உள்ள மூதாட்டிக்கு ஆந்திர அரசு 4,000 ரூபாய் வழங்குகிறது. இருவரும் அக்காள் தங்கையராகவும் இருக்கக்கூடும்; கொள்வினை கொடுப்பினை எல்லைக்கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

ஓய்வூதிய வரலாற்றைத் தொகையின் வரலாறாக எழுதுவதே வழக்கம். எந்த முதல்வர் எவ்வளவு உயர்த்தினார் என்ற அட்டவணையோடு அது முடிந்துவிடும். அந்த அட்டவணையில் அகப்படாத கேள்வி ஒன்று உண்டு: தகுதியுடையவரின் பெயரைப் பட்டியலில் எழுதுபவர் யார்?

இக்கேள்வி குடியரசுக்கு முற்பட்டது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, வேலை செய்ய இயலாத முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் இலவச உதவி வழங்க வேண்டிய நிலை சென்னை மாகாணத்தில் ஏற்பட்டது. நிவாரணக் கூலியை ரிச்சர்டு டெம்பிள் குறைத்ததும், அதனைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்ததும் பலமுறை எழுதப்பட்டுள்ளன. கிராமத்தில் நடந்த பணி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. யார் வேலைக்குத் தகுதியற்றவர், யாருக்கு உறவினர் ஆதரவு இல்லை என்று கண்டறிய அரசுக்கு இருந்த கண்கள் முன்சீப்பும் கர்ணமும்தாம். 1880-ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைய அறிக்கையும் அதன் வழிவந்த பஞ்ச விதித்தொகுப்புகளும் இந்த ஏற்பாட்டை நிலைப்படுத்தின. ஊரில் நிலமும் சாதி மேன்மையும் பெற்றிருந்தவரே ஊரின் வறியவர் யாரென்று சான்றளித்தார்.

விடுதலைக்குப் பின் உதவித்தொகை மாதாந்தர ஓய்வூதியமாக உருக்கொண்ட காலமும், இந்த எல்லை வரையப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. பட்டாஸ்கர் பரிந்துரைகளின் வழி இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. உத்தரப்பிரதேசம் 1957-இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்தைக் கேரளமும் ஆந்திரமும் 1960-இல் ஏற்றன. சென்னை மாநிலம் 1962 ஏப்ரல் 1 முதல் மாதம் 20 ரூபாய் வழங்கியது. ஆக, எல்லை மாற்றத்தால் இடம் மாறிய ஊர்களின் முதியோர், புதிய மாநிலத்தின் அலுவலக மொழியையும் ஓய்வூதிய விண்ணப்பத்தையும் ஏறத்தாழ ஒரே வேளையில் எதிர்கொண்டனர்.

இரு மாநிலங்களிலும் திட்டத்தின் மையச்சொல் ‘ஆதரவற்றோர்’. இச்சொல்லை எளிதாகக் கடந்துவிடுவது தவறு. தமிழ்நாட்டில் வயது வந்த மகன் உள்ளவர் ஆதரவற்றவர் ஆகார் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. மகன் சோறிடுகிறானா என்பது விதியின் கேள்வியாக இருக்கவில்லை. மகன் இருக்கிறானா என்பதே கேள்வி. அதற்கான விடையைத் தர ஊர் அலுவலரால் முடிந்தது. தாய்க்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்பதும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். ஆனால் அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

பரம்பரைக் கிராம அலுவலர் முறையைத் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980-இலும், ஆந்திரத்தில் என்.டி.ஆர். அரசு 1984-இலும் ஒழித்தன. அடுத்த ஆண்டில் ஆந்திரத்தில் மண்டலங்கள் உருவாயின. அதிகாரம் கர்ணத்தின் திண்ணையிலிருந்து மண்டல அலுவலகத்துக்குப் போயிற்று. நிலவுடைமையாளரின் பிடி தளர்ந்தது மறுக்கவியலாத நன்மை. ஆயினும் முதியவர் நடக்க வேண்டிய தொலைவு கூடிற்று. அலுவலகத்தில் பேசத் துணைக்கு ஒருவரும் தேவைப்பட்டார். அத்துணைவர் பெரும்பாலும் கட்சிக்காரர்.

1995 ஆகஸ்ட் 15-இல் நரசிம்ம ராவ் அரசு தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியது. 65 வயது கடந்த ஆதரவற்றோர்க்கு நடுவண் அரசின் பங்கு 75 ரூபாய். ஒவ்வொரு மாநிலத்துக்கும் பயனாளிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்தது. அதன் விளைவு கொடியது. வரம்பு நிறைந்த ஊரில், பட்டியலில் உள்ள ஒருவர் இறந்தால்தான் காத்திருக்கும் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். 2001 நவம்பர் 28-இல், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திட்டத்தையும் உள்ளடக்கி இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு மாதமும் 7-ஆம் நாளுக்குள் ஓய்வூதியம் வழங்கப்பட வேண்டும் என்றது. பின்னர் நடுவண் பங்கு 200 ரூபாயாகி, 2011-இல் தகுதி வயது 60 ஆயிற்று. எண்பது வயதுக்கு உட்பட்டோர்க்கு அந்த 200 இன்றளவும் 200 தான்.

ஆந்திரத்தில் மாநிலப் பங்கு வேறு கதி கண்டது. 2014 அக்டோபர் 2-இல் 1,000 ரூபாய். 2019 தொடக்கத்தில் 2,000. அவ்வாண்டு ஆட்சி மாறியபின் 2,250. படிப்படியாக உயர்ந்து 2024 ஜனவரியில் 3,000. மீண்டும் ஆட்சி மாறி 2024 ஜூலையில் 4,000. தேர்தல்களே உயர்த்தின என்று எள்ளுவோர் உண்டு. தேர்தல் வேறு எதற்குத்தான் என்று முதியோர் திருப்பிக் கேட்கலாம்.

பட்டியல் எழுதும் கையும் இக்காலத்தில் மும்முறை மாறிற்று. 2014-க்குப் பின் ஜன்மபூமிக் குழுக்கள் பயனாளிகளைப் பரிந்துரைத்தன. அவை ஆளுங்கட்சியின் குழுக்களே என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. 2019-இல் ஏறக்குறைய ஐம்பது வீட்டுக்கு ஒரு தொண்டர் என நியமிக்கப்பட்டனர். அக்டோபர் 2 முதல் கிராமச் சச்சிவாலயங்கள் திறக்கப்பட்டன. 2020 பிப்ரவரி முதல் ஓய்வூதியம் வீட்டு வாசலிலேயே தரப்பட்டது. கர்ணத்திடம் முதியவர் சென்ற காலம் போய், முதியவரிடம் அரசு வந்தது. எந்தத் திட்டம் உள்ளது, எதற்கு எந்தச் சான்று வேண்டும் என்று சொல்லவும் வாசலில் ஓர் ஆள் இருந்தார். இதன் அருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் தகுதியை முடிவுசெய்தவர் அத்தொண்டர் அல்லர். கணினியில் குடும்பம் முழுவதும் ஒரே அலகாகப் பதியப்பட்டது. வருமானம், நிலம், நான்கு சக்கர வாகனம், வருமான வரி, அரசுப் பணி, மாதம் 300 அலகுக்கு மேற்பட்ட மின் நுகர்வு ஆகியன சரிபார்க்கப்பட்டன. மகன் கடன் வாங்கி வாங்கிய கார், தாயின் ஓய்வூதியத்தைத் தடுக்கக்கூடியதாயிற்று. பிழைப்புக்காக ஓட்டும் வாடகை வண்டிக்கு விலக்கு உண்டு. அதை நிறுவ அலைய வேண்டியவர் விண்ணப்பதாரர்தாம். பழைய விதியில் வீற்றிருந்த ‘மகன்’, மின்கட்டண எண்ணாகவும் வாகனப் பதிவெண்ணாகவும் புதிய விதிக்குள் திரும்பி வந்தான். கர்ணத்திடம் வாதிட முடியாவிட்டாலும் மன்றாடவாவது முடிந்தது.

எல்லையூர்களில் இதனோடு மொழியும் சேர்கிறது. தொகை எண்ணில் வருகிறது. நிராகரிப்பின் காரணம் தெலுங்கு எழுத்தில் வருகிறது. தெலுங்கு பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தமிழ் முதியவருக்கு ‘அனர்ஹுலு’, அதாவது தகுதியற்றோர், என்ற தலைப்பின்கீழ்த் தம் பெயர் இருப்பதே பிறர் சொல்லித்தான் தெரியவரும். குறைதீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசமைப்பின் 350-ஆம் உறுப்பு தருகிறது. மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 விழுக்காடு வரை உள்ள பகுதிகளில் முக்கிய அறிவிப்புகளை அவர்தம் மொழியிலும் வெளியிடலாம் என்று 1956-ஆம் ஆண்டின் நடுவண் குறிப்பாணை பரிந்துரைத்தது. மனு கொடுக்கத் தமிழ் போதும். மனு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அறியத் தெலுங்கு வேண்டும்.

2024 மார்ச் இறுதியில், தேர்தல் நடத்தை விதிகளை முன்னிட்டுத் தொண்டர்கள் பணம் வழங்கத் தேர்தல் ஆணையம் தடை விதித்தது. ஏப்ரல் வெயிலில் முதியோர் சச்சிவாலயங்களுக்கு நடந்தனர். சிலர் மயங்கி விழுந்தனர், உயிரிழந்தனர் என்ற செய்திகள் மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து வந்தன. கட்சிகள் ஒன்றையொன்று பழித்தன. ஜூலை 1 முதல் சச்சிவாலய ஊழியர்களே வீடு தேடி வந்து, நிலுவையோடு சேர்த்து 7,000 ரூபாய் தந்தனர். தொண்டர் இல்லாமலும் வாசலுக்குப் பணம் வரும் என்பது அன்று மெய்ப்பட்டது. ஆனால் புதிய திட்டம் பற்றிச் சொல்லவும் விடுபட்ட பெயரைச் சேர்க்கவும் வாசலுக்கு வந்துகொண்டிருந்தவர் அதன்பின் வரவில்லை.

அவ்வாண்டு நவம்பரிலிருந்து, ஓய்வூதியம் பெற்றுவந்த கணவர் இறந்தால் மனைவிக்கு அடுத்த மாதமே ஓய்வூதியம் தொடங்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதற்கு அவர் முதலில் எடுத்துச் செல்ல வேண்டிய தாள், கணவரின் இறப்புச் சான்றிதழ்.